பசை இறுகும் வரை

...கழற்றிவிடலாம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் அக்கா, இரண்டு பேர் கை வைத்தால் அரை மணியில் பலகை பலகையாகப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடலாமாம், நாளைக் காலை இவள் கணவரே வந்து கூட்டிக்கொண்டு போகிறாராம், மூன்று மாதம் தனியாக இருந்து காட்டியாகிவிட்டது, போதாதாடி என்கிறாள்... இவள் யாருக்குக் காட்டினாளாம்? உப்புத்தாளைப் பலகையின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தாள். அட்டைப் பெட்டியில் வந்து, படம் பார்த்துப் பொருத்திக்கொண்ட அலமாரி. பொருத்திய மறுநாளே கதவைத் திறந்தால் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நடுத்தட்டு தொங்கியது. "உன் பொழப்பே ஆட்டம் கண்டு கிடக்கு, இதுல அலமாரி ஆடுதுன்னு கவலைப்படுறியே" என்று அக்கா சிரித்தாள். சிரிக்கட்டும். இன்று இவள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள்தான், ஆனால் வண்டியில் ஏற்றுவதற்கு இல்லை. தொங்கிய தட்டுக்கு அடியில் நீளமாக ஒரு மரச்சட்டம், மூலைக்கு மூலை எல் வடிவ இரும்புத் துண்டு, முதுகில் ஒப்புக்கு ஆணியடித்திருந்த அட்டையை எடுத்துவிட்டு நல்ல ப்ளைவுட், மரக்குச்சி போகிற துளைகளிலெல்லாம் பசை.

சாமான் கடைக்காரர் பசை டப்பாவைக் கொடுக்கும்போதே எச்சரித்தார். "பளபளப்பு மேல பிடிக்காதும்மா, ரெண்டு பக்கமும் சுரண்டிட்டுப் போடுங்க. போட்டா பத்து நிமிஷம் டைம். அதுக்குள்ள மனசு மாறினா இழுத்துடலாம், அப்புறம் உடைச்சாத்தான் உண்டு." இரண்டு பக்கமும்... மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள், வேலை சுத்தம், ஆனா ஒட்டுதலே இல்லாத பொண்ணு. பதினோரு வருடம் கேட்டாயிற்று. எதில் ஒட்ட? அந்த வீட்டில் துடைத்துத் துடைத்து எல்லாமே பளபளப்பு, ஒரு கீறல் விழுந்தால் கூரையே விழுந்த மாதிரி முகம், சுரண்டப்பட்டது இவள் ஒருத்திதான். இரண்டு பக்கமும் சுரண்ட வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

பசையைப் பிதுக்கி, குச்சிகளைச் செருகி, பலகைகளைச் சேர்த்து நிமிர்த்தினாள். அழுத்திப் பிடிக்கக் கருவி இல்லை, கொடிக்கயிற்றை அவிழ்த்து அலமாரியைச் சுற்றிக் கட்டி, கயிற்றில் கரண்டிக்காம்பைச் செருகித் திருகினாள், திருகத் திருக இணைப்புகளில் வெள்ளையாகப் பசை துளிர்த்தது. காம்பை விட்டால் கயிறு தளர்ந்துவிடும். சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து. அப்போது பார்த்துத் தரையில் கிடந்த போன் அடித்தது, கணவன். கால் விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள். "அக்கா சொல்லியிருப்பாங்க. எட்டு மணிக்கு வந்துடுறேன். அந்த அலமாரியக் கழட்டி வச்சிடு, மாடி ரூம்ல செருப்பு வைக்க ஆகும்." செருப்பு! "கொஞ்சம் லைன்ல இருங்க" என்றாள், கண் மருத்துவமனை வரவேற்பில் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்லுகிற அதே குரலில். "இருக்கேன், இருக்கேன், எங்க ஓடிடப் போறேன்." அப்புறம் அவள் பேசவில்லை. நான்கு பதிமூன்று. இப்போதும் இழுத்தால் வந்துவிடும், காம்பை விட்டால் போதும்... விடவில்லை. மணிக்கட்டு கடுத்தது. "கோவமா? சரி, நீ பேசலைன்னா சரின்னு எடுத்துக்கறேன்." எடுத்துக்கொள்வான், அவனுக்கு எடுத்துக்கத்தான் தெரியும். அவளுடைய ஸ்கூட்டரை அப்படித்தான் விற்றான், வித்துடலாமா என்று காலையில் கேட்டான், என்ன சொல்வது என்று இவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் ஆள் வந்து ஓட்டிப் போய்விட்டான், கேட்டால், நீதான் ஒண்ணும் சொல்லலையே என்றான் கணவன். நான்கு பதினேழு. மாடி ஜன்னல், தண்ணி ட்ரம்மு, வண்டிக்காரன் என்று அவன் ஏதேதோ பேசிக்கொண்டே போனான். நான்கு இருபத்திரண்டு. ஒரு கையால் பக்கப்பலகையைப் பிடித்து அசைத்தாள். அசையவில்லை.

"அப்ப சரிதானே?" "ஒட்டிடுச்சுங்க." "எது?" "அலமாரி. இனிமே கழட்ட முடியாது. முழுசா வாசல்லயும் நுழையாது." "கிறுக்கு... சரி, அது கிடக்கட்டும், நீ வா." "நானும் வரலைங்க." இப்போது அந்தப் பக்கத்தில் சத்தமில்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்துவாள், சொல்லவில்லை, அவன் மௌனம் அவன் பாடு. பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாளே, ஸ்கூட்டர் போன அன்றும் இப்படித்தானோ, உள்ளே எதையோ விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இறுகட்டும் இறுகட்டும் என்று... பிடித்துக்கொண்டிருந்தது எதை? கரண்டிக்காம்பிலிருந்து மற்றக் கையை எடுக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.