வெண்டெல் விற்ற துப்பாக்கி

இரும்புக் கதவு பாதி இறங்கியபோது மார்லிஸ் பூட்ஸ் போட்ட காலை நீட்டித் தடுத்தாள்.

"அடைச்சாச்சும்மா. காலை எடு, நசுங்கிடும்," என்றார் உள்ளேயிருந்து ஹாலிஸ்.

"நசுங்கட்டும். இதை எடுத்துக்காம நான் போகமாட்டேன்."

மார்போடு அணைத்திருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். ஹாலிஸ் கதவை உயர்த்தினார். மொன்டானாவின் அந்தச் சின்ன ஊரில் துப்பாக்கிக் கடை அவருடையது ஒன்றுதான்.

"போன வாரம் வாங்கினது. பழசு. நீங்க வேட்டைக்குப் போயிருந்தீங்க, உங்க பொண்ணுதான் கொடுத்தா."

"முதல் துப்பாக்கியா?"

"முதலும் கடைசியும்."

"பாதிப் பேர் மறுவாரமே இப்படித்தான் வந்து நிப்பாங்க. சத்தம் பயமா இருக்குன்னு ஒருத்தன், மாமியார் திட்டுறாங்கன்னு ஒருத்தன். பழசை வித்தா வித்ததுதாம்மா. சுவர்ல எழுதியே போட்டிருக்கேன்," என்று சிரித்தார் ஹாலிஸ்.

"காசு வேண்டாம். சும்மா எடுத்துக்குங்க."

ஹாலிஸின் சிரிப்பு நின்றது. "என்ன ஆச்சு?"

"வெண்டெலோடதுதான் இது. பிடியில அவர் அப்பா பேரோட எழுத்து செதுக்கியிருக்குமே, அது. டிரக் ரிப்பேருக்குன்னு வித்துட்டார். உங்க கண்ணாடி அலமாரியில பார்த்ததும் மனசு கேக்கல. பிறந்தநாளுக்குப் பரிசா வாங்கிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "திறந்து பார்த்தார். மூடினார். அன்னையிலிருந்து பேச்சில்லை, சாப்பாடில்லை. அடுக்களை மேஜையில இந்தப் பெட்டி முன்னாடியே உக்காந்திருக்கார். எனக்கு என் புருஷன் வேணும், ஹாலிஸ். இன்னைக்கு மாட்டுக்குத் தீனி வைக்கப் போனார். தூக்கிட்டு ஓடி வந்துட்டேன்."

"வெண்டெலோடதா?" ஹாலிஸின் முகம் வெளுத்தது. "பெட்டியைத் திறந்து பார்த்தியா?"

"இல்லை. கடைக்குக் கொண்டு வந்தா மூடியே கொண்டு வரணும், நாங்கதான் திறப்போம்னு உங்க பொண்ணு சொன்னாளே."

அவர் திறந்தார். உள்ளே ஒரு துண்டு. துண்டுக்குள் டிரக் சக்கரம் கழற்றுகிற ஸ்பானர்.

"கனமா இருந்துச்சே," என்றாள் மார்லிஸ். அதையே மறுபடியும் சொன்னாள்.

ஹாலிஸ் போனை எடுத்து அவள் வீட்டுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போலீஸ் ஷெரீப்புக்கு அடித்து, வெண்டெல் பெயரையும் பண்ணைக்குப் போகும் வழியையும் மட்டும் சொன்னார். வண்டிச் சாவியை எடுத்தார்.

"என் வண்டியில ஏறு."

அவள் அசையவில்லை. "டிரக் ரிப்பேருக்குத்தானே வித்தார்?"

"ஏறு, மார்லிஸ்."

"சொல்லுங்க."

ஹாலிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"டிரக்குக்கு ஒண்ணும் இல்லைம்மா. 'இது வீட்டுல இருந்தா என்னை நானே நம்பமாட்டேன். யாருக்கு வேணா வித்துக்கோ, நானே வந்து கெஞ்சினாலும் எனக்கு மட்டும் தராதே'ன்னு சொல்லித்தான் கொடுத்துட்டுப் போனான்."