டிக்கியில் யாருக்கு இடம்

வலது பக்கம் திரும்பும்போது மட்டும் இருமுகிற காரை ஊரில் யார் வேண்டுமானாலும் மன்னிக்கலாம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பெண் மன்னிக்க மாட்டாள். என் தம்பி மனைவி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்துக்கு ஏறும் அந்த நீண்ட வளைவில் தம்பியின் கார் மூன்று முறை இருமிவிட்டு நின்றுபோனது. பின்சீட்டில் எட்டு மாதக் குழந்தை. பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒரு லாரி. வீடு வந்ததும் அவள் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னாள். அடுத்த ஞாயிறு அவளுடைய அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், அதே வழி. வண்டி ஒரே ஒரு தடவை இருமினாலும் திங்கட்கிழமை அது எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கு. அவர் ஒரு வருஷமாகவே விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கூடவே இன்னும் இரண்டு நிபந்தனை: குழந்தையின் தள்ளுவண்டி டிக்கியில் போக வேண்டும், உள்ளே பெட்ரோல் வாடை வரக் கூடாது. மூன்றில் ஒன்றைக்கூட அநியாயம் என்று சொல்ல முடியவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய அந்த இரண்டு கதவுக் குட்டிக் கார்மேல் அவனுக்கு உயிர். வேகம் கூட்ட அதற்குக் காற்றை ஊதித் திணிக்கிற டர்போ மாட்டி, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து, இந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்தது அவன் அக்காவான நான். டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. கை சுத்தம் என்று பெயர். வாய் அப்படி இல்லை என்றும் பெயர்.

செவ்வாய்க்கிழமை அவன் லீவு போட்டுவிட்டு போனில் ஒரு படத்தோடு வந்து நின்றான். சர்ஜ் டேங்க். பெரிய பெட்ரோல் டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைக்கிற குட்டி டேங்க். வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பெரிய டேங்கில் இருக்கிற பம்ப் காற்றை உறிஞ்சும், இன்ஜின் பட்டினி கிடக்கும். குட்டி டேங்கில் எப்போதும் இரண்டு மூன்று லிட்டர் நிறைந்தே இருப்பதால் அந்தச் சில நொடிகளை அது பார்த்துக்கொள்ளும். டர்போ வண்டி என்றாலே இது கட்டாயம் வேண்டும் என்று முகம் தெரியாத நாற்பது பேர் போனில் சொல்லியிருந்தார்கள். முகம் தெரியாதவர்கள் சொல்லும் வைத்தியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குத் தெரிந்து நோய் வேறு. வண்டியின் எடை குறையும் என்று தம்பி எப்போதும் பத்து லிட்டருக்கு மேல் பெட்ரோல் போட மாட்டான். அவன் ராத்திரிச் சாப்பாட்டை ஒரு மாதம் குறைத்துக்கொண்டால் அதைவிட அதிகமாகக் குறையும். மூன்று வருஷமாக அவன் இருமல் என்று வரும்போதெல்லாம் இதையே சொல்லித் துரத்தியிருக்கிறேன்: டேங்கை நிரப்பு, ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதே, ஓட்டுவதை உன் பெண்டாட்டியிடம் கற்றுக்கொள்.

வாய்ச்சண்டை வேண்டாம், அளந்து பார்ப்போம் என்று பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டரை இன்ஜினில் மாட்டி, முகப்புக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினேன். மூடிக்கிடந்த ஃபர்னிச்சர் சந்தையின் பார்க்கிங்கில் வட்டம் போட்டோம். கால் டேங்க் பெட்ரோல். இடது பக்கம் எத்தனை சுற்று சுற்றினாலும் முள் நாலில் நின்றது. வலது பக்கம் சுற்றினால் சரிந்தது. நான் சொன்னதுதானே என்று அரை டேங்க் நிரப்பச் சொன்னேன். இனி முள் அசையாது என்று அவனிடம் சவடால் அடித்துவிட்டு நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வலது வட்டத்தில் மூன்று எண்ணும்வரை முள் நின்றது. நாலு எண்ணும்போது ஒன்றுக்கு விழுந்தது. சட்டென்று காலை எடுத்தேன். டர்போ ஊதுகிற நேரத்தில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும்.

என் மூக்கு நன்றாகவே உடைந்தது. அரை டேங்க் இருந்தும் இருமினால் பத்து லிட்டர் பழக்கத்தின்மேல் பழி போட முடியாது. சர்ஜ் டேங்க் வேண்டும்தான் என்று ஒப்புக்கொண்டேன். தம்பியின் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷமே தள்ளுவண்டி ஞாபகம் வந்து வாடியது.

புதன்கிழமை சர்ஜ் டேங்கை வாங்கிக்கொண்டு, தள்ளுவண்டியையும் கொண்டுவந்தான். சர்ஜ் டேங்க், அதை மூடும் தகரப் பெட்டி, வாடையை வண்டிக்கு வெளியே விடும் குழாய், எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்கினோம். தள்ளுவண்டியை மடித்து வைத்தோம், படுக்க வைத்தோம், தலைகீழாக வைத்தோம், சக்கரத்தைக் கழற்றியும் வைத்துப் பார்த்தோம். ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே நின்றது. தம்பி பம்பரில் உட்கார்ந்துவிட்டான்.

"வித்துரலாம்க்கா," என்றான். "டாக்டர் நல்லாப் பாத்துப்பாரு. தினமும் துடைப்பாரு."

அவனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, குழாய் அளவாவது பார்த்து வைக்கலாம் என்று பின்சீட்டைத் தூக்கி, கீழே இருந்த டேங்க் மூடியைக் கழற்றினேன். டார்ச் அடித்தேன். டேங்கின் வலது ஓரத்தில் பம்ப் வெறும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி எதுவும் இல்லை.

அங்கே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்க வேண்டும். காரைச் செய்தவர்கள் வைத்து அனுப்பியது. இன்ஜினிலிருந்து திரும்பி வருகிற பெட்ரோல் அதில் விழும். வளைவில் டேங்கில் மற்ற பெட்ரோல் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் பம்புக்குக் கிண்ணம் நிறையப் பெட்ரோல் இருக்கும். சர்ஜ் டேங்க் செய்கிற அதே வேலை, ஒரு கைப்பிடி அளவில். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய பம்ப் போட்டபோது அது கிண்ணத்துக்குள் நுழையவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று கிண்ணத்தைக் கழற்றி வைத்தவள் நான். அந்த அப்புறம் வரவேயில்லை. கிண்ணம் என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும். அது இல்லாத குறைக்கு டிக்கி நிறைய இரும்பைத் திணிக்கக் கிளம்பியிருக்கிறேன்.

மூடியைப் போட்டு சீட்டை இறக்கினால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வரத்தான் செய்தது. சர்ஜ் டேங்கே தீர்வு, டிக்கி சின்னதாக இருப்பது என் தப்பா என்று கையை விரித்துவிடலாம். அவன் நம்புவான். சின்ன வயசிலிருந்து நான் சொன்னதையெல்லாம் நம்புகிறவன். வெட்கமாக இருந்தது. தம்பி இரண்டு டம்ளரோடு வந்ததும் டார்ச்சை அவன் கையில் கொடுத்தேன்.

"உள்ள பாரு. அந்தப் பம்பைச் சுத்தி ஒரு கிண்ணம் இருக்கணும். நான்தான் எடுத்தேன். உன் மேல எந்தத் தப்பும் இல்லடா."

அவன் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு டார்ச்சோடு உள்ளே குனிந்தான். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியும்," என்றான்.

ஓட்டத் தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். அதை இன்னும் இரண்டு தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் டீயைக் குடித்தான்.

வியாழக்கிழமை பழைய வண்டி உடைக்கிற யார்டில் அதே மாடல் ஒன்று கிடைத்தது. அதன் டேங்கிலிருந்து கிண்ணத்தை எடுத்து, வாயை அரம் வைத்து மெல்ல மெல்ல அகலமாக்கினேன். லென்ஸ் தேய்க்கிறவன் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம், போதும், இன்னும் கொஞ்சம் என்று அளவு சொன்னான். கண் அவனுக்குத்தான் சுத்தம். பெரிய பம்ப் பிசகில்லாமல் உட்கார்ந்தது. சனிக்கிழமை மறுபடியும் சந்தை பார்க்கிங். கால் டேங்கில் வலது பக்கம் தலை சுற்றும்வரை சுற்றினோம். முள் நாலிலேயே நின்றது. சர்ஜ் டேங்கை டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றினேன்.

ஞாயிறு காலை மூவரும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், வண்டி இருமாவிட்டால் அவள் கேட்கவே மாட்டாள் என்று தம்பி முந்தின நாளே என்னைக் காப்பாற்றப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரி ஹார்ன் அடித்த அந்த நிமிஷத்துக்கும் நானே காரணம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அந்தக் கிண்ணம் இப்ப உள்ள இருக்கா, அண்ணி?"

இருக்கிறது, கழன்று விழாது என்றேன். குழந்தையைத் தம்பி இடுப்புக்கு மாற்றினாள். தான் ஓட்டிப் பார்க்காத வண்டியில் குழந்தையை ஏற்ற மாட்டாளாம். சாவியை வாங்கிக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

மேம்பால வளைவு அந்த நேரத்தில் காலியாக இருந்தது. படுத்திருக்கிற நோயாளியின் தலை அசையாமல் வளைந்து பழகிய கை அவளுடையது. வேகம் ஏறியது எனக்குத் தெரியவேயில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு. பாலத்தைச் சுற்றி வந்து மறுபடியும் ஏறினாள். நாலு. இரண்டு முறை பார்த்தாகிவிட்டதே, மூன்றாவது எதற்கு என்று திரும்பினேன். அவள் கீழ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். டர்போ ஊதும் சத்தத்துக்காகவே கியரைக் குறைத்தாள்.

தம்பி நாங்கள் விட்டுப்போன அதே இடத்தில் நின்றிருந்தான். குழந்தை அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, அவன் அதைக் கவனிக்கவில்லை. அவள் இறங்கி, தள்ளுவண்டியை டிக்கியில் வைத்து மூடினாள். மூடி ஒரே தட்டில் சாத்திக்கொண்டது. பல் டாக்டருக்கு போன் போட்டு, மன்னிக்கணும் டாக்டர், கொடுப்பதாக இல்லை என்றாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"நாளையிலேர்ந்து டியூட்டிக்கு நான் இதுல போறேன். நீங்க என் பஸ் பாஸை எடுத்துக்கங்க."

அவன் முகம் கோணும், என்னிடம் நியாயம் கேட்பான் என்று காத்திருந்தேன். அவனோ குழந்தையோடு பின்சீட்டுக்குள் நுழைந்து, முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்து, காரின் கூரையை ஒரு தடவை தடவிக்கொடுத்தான்.

"எந்த நம்பர் பஸ்?" என்று கேட்டான். பரீட்சையில் பாஸானபோதுகூட அவன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.