கொடுக்கு எடுத்த கை

1.
இந்தக் கதை ஒரு பொய்யில் ஆரம்பித்தது. எங்கள் வட்டகொடை சபையின் ஆண்டு மலருக்கு, அன்றாட வாழ்வில் ஆண்டவரின் அருகாமை பற்றி எழுத முடியுமா என்று பாஸ்டர் கிஷாந்த் கேட்டார். முடியும் என்றேன். முப்பது வருடமாக ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன். பாடசாலையில் கிறிஸ்தவ பாடம் கற்பித்திருக்கிறேன். ஆனால் ஆண்டவர் பக்கத்தில் நிற்பதை ஒருநாளும் உணர்ந்ததில்லை. (பாஸ்டருக்குக் கொடுக்கும் பிரதியில் இந்த வரி இருக்காது.) ஆகவே, உணர்ந்த ஒருவரைத் தேடிப்போனேன்.

கிடைத்தவர் ராசம்மா. எங்கள் சபைக்காரர், கொழுந்து பறிப்பவர். போன மாதம் தேயிலை மலையில் குளவி கொட்டியபோது, கூட வேலை செய்யும் வேலாயியைக் காப்பாற்றியவர்.

2.
முதல் தொடக்கம்: “மூடுபனி தேயிலையைப் போர்த்தியிருந்த அதிகாலையில், தேவ பிரசன்னம்...”

அடித்துவிட்டேன். குளவி கொட்டியபோது மணி பத்தரை. நல்ல வெயில்.

இரண்டாவது: “ராசம்மாவும் வேலாயியும் உயிர்த் தோழிகள்...”

இதுவும் போகட்டும். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு. ராசம்மாவின் கோழி வேலாயியின் லீக்ஸ் பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து, குளவி கொட்டும் வரை மூன்று மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

நடந்தது இதுதான். கழுகு ஒன்று மரத்திலிருந்த குளவிக் கூட்டைக் கலைத்தது. எல்லோரும் ஓடினார்கள். வேலாயி வழுக்கி வடிகானுக்குள் விழுந்தார். ஓடிக்கொண்டிருந்த ராசம்மா திரும்பி வந்து, இடுப்பில் சுற்றியிருந்த முரட்டுப் படங்குத் துணியை அவிழ்த்து அவர்மேல் போர்த்தி, தானும் மேலே படுத்துக்கொண்டார். படங்கு ஒருவருக்குத்தான் போதுமாக இருந்தது.

3.
“அந்த நேரம் ஆண்டவர் பக்கத்துல இருந்தத உணர்ந்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சார். அப்ப கொளவியத்தான் உணர்ந்தேன்” என்றார் ராசம்மா.

பேனாவை மூடினேன். மலருக்கு ஆகாது.

“கொழுந்து எடுக்குறப்ப தெனமும் அவருகூட பேசிக்கிட்டேதான் எடுப்பேன். நெறை கொறஞ்சா கொஞ்சம் கோவமாவும் பேசுவேன். அன்னைக்குக் கூப்பிட்டுப் பாத்தேன், ஆளே இல்ல. பயந்துட்டேன் சார். சாவப் போறோமேன்னு இல்ல. அவரு இல்லாம சாவப் போறோமேன்னு.”

பேனாவை மறுபடி திறந்தேன். “அப்புறம் எப்ப வந்தாரு?”

“ஆஸ்பத்திரி வண்டி வர்ற வரைக்கும் டிஸ்பென்சரி வாங்குப் பலகையில கெடந்தேன். கண்ணு வீங்கி ஒன்னும் தெரியல. யாரோ தலையத் தூக்கி மடியில வச்சு, முடிய வெலக்கி, கொளவிக் கொடுக்க ஒன்னொன்னா எடுத்தாங்க. ‘ஏன்டி திரும்பி வந்த, பைத்தியமா ஒனக்கு’ன்னு திட்டிக்கிட்டே எடுத்தாங்க. கொரலு வேலாயி கொரலு. வெத்தல வாசமும் அவ வாசந்தான். ஆனா ஆண்டவரு வந்துட்டாருன்னு தெரிஞ்சிச்சு. பயம் போயிருச்சு.”

4.
பாஸ்டர் வாசித்துவிட்டுத் தயங்கினார். “நல்லா இருக்கு சார். கடைசியில அந்த வேலாயி சபைக்கு வந்தாங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்.”

எழுதிப் பார்த்தேன்: “அடுத்த ஞாயிறு, வெள்ளைச் சேலையில் வேலாயி...”

வாக்கியமும் வரவில்லை, வேலாயியும் வரவில்லை. (வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனார். அதை மலரில் போட முடியாது.)

5.
வேறு முடிவு கிடைக்காமல் வேலாயியிடமே போனேன். ராசம்மா சொன்னதைச் சொன்னேன். வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

“அது நான்தான் சார். வேற யாரும் வரல.”

“தெரியும். ஆனா அவங்களுக்கு...”

“என் கை நடுங்கிக்கிட்டே இருந்திச்சு. இவ செத்துருவாளோன்னு அவ்வளவு பயம். சாமி கையி நடுங்குமா சார்?”

கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டேன்.

6.
நாளை பின்னேரம் கதையை லயத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன். ராசம்மாவின் கண் இன்னும் சரியாகவில்லை. வேலாயியும் வந்து உட்காருவாராம். அந்தக் கேள்வி வரும் இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். வேதத்திலிருந்து ஒரு பதிலைத் தேடி ஒட்டலாம். இரண்டையும் செய்து பார்த்தேன். இரண்டிலும் வேலாயி இல்லாமல் போகிறார்.

அதனால் வாசித்துவிட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கப் போகிறேன். ராசம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

ராசம்மா, வேலாயியின் பக்கம் திரும்பி, “