என் இரத்தத்தில் ஒன்பது

அன்று காலை, கோலாலம்பூருக்கு வடக்கே மலைமேல் இருக்கும் ரிங்லெட்டில் என் வீட்டில் இருந்தவர்கள்: அமிர்தலிங்கமாகிய நான், என் மனைவி மாரியம்மா, இளைய மகள் புனிதா, தம் மகனுக்கு அவளைப் பெண் கேட்டுத் திருச்சியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த ராதாகிருஷ்ணன், அவர் மனைவி வடிவம்மாள். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாக வேறு எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பசியாறியதும் தட்டு மாற்றுவதாகப் பேச்சு. மேசையில் வெற்றிலை, பழம், லட்டு எல்லாம் தயார். ராதாகிருஷ்ணன் பையிலிருந்து ஒரு சிறிய மிஷினை எடுத்தார். விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் வைத்தார். சர்க்கரை பார்க்கும் மிஷின். எட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

எனக்குத் திக்கென்றது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மிஷின் உண்டு. போன மாதம் புனிதா அதில் எனக்குப் பார்த்தபோது 9.1 காட்டியது. "அதிகம்பா, கிளினிக் போலாம்" என்றாள். என் பால் தேநீரை நிறுத்தத் திட்டம் போடுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஒன்பதே அதிகம் என்றால் தொண்ணூற்றெட்டு?

குடும்ப கௌரவத்தைக் காப்பது என் பொறுப்பு. லட்டுத் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"மன்னிக்கணும் ஐயா. இவ்வளவு பெரிய வியாதிய மறைச்சிட்டீங்களே."

"வியாதியா? தொண்ணூத்தெட்டு நார்மல்ங்க. பயத்துல தினம் பாத்துக்கிறேன், அவ்வளவுதான்."

"எனக்கு வெறும் ஒன்பதுலா!"

"ஒம்போதா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒம்போதுன்னா ஆளு எந்திரிச்சு உக்கார முடியாதுங்களே!"

"எங்க வம்சத்து உடம்பு அப்படி" என்று முதுகை இன்னும் நிமிர்த்தினேன்.

வடிவம்மாள் எழுந்துவிட்டார். "வியாதிக்காரக் குடும்பம்னு சொல்றாரு. இதுக்கு மேல என்ன பேச்சு? பையை எடுங்க."

புனிதா தோசைக் கரண்டியோடு அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். அவர்கள் மகன் கோலாலம்பூரில் அவளோடு வேலை பார்ப்பவன். அவளே விரும்பித் தேர்ந்தெடுத்த பையன். என்னைப் பார்த்த அவள் கண்களில் தண்ணீர் நின்றது. மாரியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, வாய மூடுங்களேன்!"

நான் மூடவில்லை. விரலை நீட்டினேன். "புது ஊசி போடுங்க ஐயா. உங்க மிஷின்லயே பாத்துடலாம்."

பார்த்தோம். நூற்று அறுபத்து நான்கு.

"மிஷின் கெட்டுப்போச்சு" என்றேன்.

புனிதா எங்கள் மிஷினைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "நம்பர மட்டும் பாத்தா எப்படிப்பா? கீழ இருக்கிற சின்ன எழுத்தப் படிங்க. நம்மளது மில்லிமோல். அவங்களது மில்லிகிராம். நம்மளத பதினெட்டால பெருக்கினாத்தான் அவங்க கணக்கு வரும். மாமாவுக்கு நம்ம கணக்குல அஞ்சரைகூட இல்ல. வியாதி உங்களுக்குத்தான்லா!"

தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஆயுள் முழுக்கக் கொழுந்தைத் தராசில் நிறுத்தவன் நான். ராத்தல் போய்க் கிலோ வந்தபோது, நாற்பது பறித்த பெண்கள் பதினெட்டு என்று கேட்டதும் "பாதிக் கூடைய எந்தத் துரை தின்னாரு?" என்று சண்டைக்கு வந்தார்கள். கொழுந்து அதேதான், அளவுதான் வேறு என்று பெரிய மனிதனாக விளக்கினேன். வீட்டுக்கு வந்து, இதுகூடத் தெரியாதா என்று சிரித்தேன். அந்தப் பெண்களாவது கூடைக்காகத்தான் சண்டை போட்டார்கள். நான் என் நோயைப் பெருமையாகச் சொல்லி மகளின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன்.

வடிவம்மாள் கையில் பை இன்னும் இருந்தது. ராதாகிருஷ்ணன் என் பக்கமிருந்த லட்டுத் தட்டைப் பார்த்தார்.

"அத இப்படித் தள்ளுங்க சம்பந்தி. இனிமே அது உங்க பக்கம் இருக்கக் கூடாது."

வடிவம்மாள் சிரித்துவிட்டார். பை கீழே இறங்கியது. தையில் கல்யாணம்.

என் குரல் சாலைவரை கேட்கக்கூடியது. அதனால் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சர்க்கரை நோய் என்று இப்போது மலையின் மறுகோடியிலுள்ள கம்போங் ராஜாவரை பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவர்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. எனக்குத்தான்: லிட்டருக்கு 9.1 மில்லிமோல்.