தாழ்வாரத்தில் மூன்றாவது அழைப்பு

1

ஜூரி வேலைக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டு வேண்டாமென்று திருப்பியனுப்பிய ஒரு காலையில், அமெரிக்காவில் கென்டக்கியின் ஒரு கவுண்டி நீதிமன்றத் தாழ்வாரத்தில் இந்தக் கதை கிடைத்தது. கிடைத்தது என்பது மரியாதைச் சொல். ஒட்டுக்கேட்டேன்.

2

முதல் தொடக்கம்: "வெர்னா தன் தம்பியை வெறுத்தாள்." (அடித்துவிட்டேன். வெறுப்பில்லை. கூடப் பிறந்தவனே கோர்ட்டுப் படி ஏற வைத்துவிட்டானே என்ற வெட்கம்.)

இரண்டாவது: அம்மா விட்டுப்போன வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கச் சொல்லித் தம்பி டுவைட் வழக்குப் போட்டான். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட வெர்னா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். சம்மன் கொண்டுவந்த ஷெரீஃப் ஆள், அவளிடம் ஞாயிறுதோறும் பைபிள் படித்தவன்.

"தப்பா நெனைக்காதீங்க மிஸ் வெர்னா, இது என் வேலை."

"ஒன்மேல என்னப்பா கோவம்? உள்ள வந்து கேக் சாப்பிட்டுப் போ."

பதில் மனு கொடுத்தால் வாதாடலாம். ஆனால் மனு வாங்கும் ஜன்னலில் நாடீன். சர்ச் பாட்டுக்குழுவில் இவளுக்குப் பக்கத்து நாற்காலி. குடும்பச் சண்டையை அவளிடம் எப்படி நீட்டுவது? கார் நிறுத்துமிடம்வரை போய்ப் போய்த் திரும்பினாள். கெடு தாண்டிவிட்டது.

(அசடு என்கிறீர்களா? மானத்துக்குப் பயந்து சொத்தை விட்டவர் உங்கள் தெருவில் ஒருவருமில்லையா?)

3

இன்று உள்ளே போய் நின்றால் அவகாசம் கேட்கலாம். இல்லையென்றால் தம்பி கேட்டபடி தீர்ப்பு. அவள் தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்தால் அத்தனை பேரும் அவளை (முடிக்க மனமில்லை.)

தீர்ப்புக்கு முன் டவாலி வெளியே வந்து மூன்றுமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கேயும் வழக்கம். டவாலி ஹோபர்ட் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்.

"வெர்னா ப்ரூயிட்!" சுவரைப் பார்த்துக் கூப்பிட்டார். அவள் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

"வெர்னா ப்ரூயிட்!" கிட்டே வந்து குனிந்தார். "எந்திரி வெர்னா. கூப்பிடத்தான் என்னால முடியும். நீயாத்தான் வரணும்."

"கத்தாதீங்க ஹோபர்ட். எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. வீடு போயிடும், தாயே!"

4

ஒரு முடிவில் எழுகிறாள், டுவைட் தலைகுனிகிறான். (ரொம்ப இனிக்கிறது, நம்பவில்லை.) இன்னொன்றில், இதே நீதிமன்ற வாசலில் வீடு ஏலம் போகிறது, பாட்டுக்குழு மொத்தமும் வேடிக்கை பார்க்கிறது. எதற்குப் பயந்தாளோ அதுவே.

மூன்றாவது அழைப்பை எழுதக் கூசுகிறது. எழுதினால் கூட்டத்துக்கு நடுவே அவளைக் காட்டிக்கொடுத்தவன் நான். எழுதாவிட்டால் வீட்டை விற்றவன் நான்.

ஹோபர்ட் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் கூப்பிடுங்கள். மெதுவாகக் கூப்பிட்டால் கேட்காததுபோல் இருந்துவிடுவாள். தாழ்வாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிடுங்கள்.