செம்பு காட்டும் குச்சி

தாமிரபரணிக் கரையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்பது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதைவிட மோசம். அந்த வேலையைத்தான் சிவகணேஷ் எட்டு மாதமாகப் பார்த்துவந்தான். சனிக்கிழமைக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அன்றைக்குச் சனிக்கிழமை.

கம்பெனி ஒரு வித்தை கற்றுக்கொடுத்திருந்தது. இரண்டு குச்சிகளைத் தண்ணீரில் விட்டுக் கரண்டு கொடுத்தால், குச்சியிலுள்ள இரும்பு கரைந்து தண்ணீர் நிறம் மாறிவிடும். "இவ்வளவு அழுக்கையா குடிக்கீங்க?" என்று பதற வேண்டும். பச்சைப் பொய்தான். பொய்யைப் பார்த்தால் வீட்டில் உலை கொதிக்குமா?

கல்லிடைக்குறிச்சியில், தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வுபெற்ற அம்பலவாணன் வீட்டில் குச்சியை விட்டான். டம்ளரிலிருந்த ஆற்றுத்தண்ணீர் இரண்டே நிமிடத்தில் செம்பழுப்பாயிற்று. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏ ஞானம், இங்கன வா! செம்பு! சும்மாவா தாமிரபரணின்னு பேரு வச்சிருக்கான்?"

மனைவி ஞானம்பாள் ஓடிவந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அது அழுக்கு..."

"நாக்கு அழுவிரும்வே! குச்சி என்ன வெலை?"

"குச்சி விக்கதுக்கில்ல, அண்ணாச்சி. மிஷின்தான்."

"அப்ப மிஷினையும் வாங்குதேன். பரண்ல கெடந்துட்டுப் போட்டும். குச்சியச் சேத்துக் குடும், தெருவுக்கே காட்டணும்."

சிவகணேஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதை நம்பி வாங்கினால் என்ன, விற்றால் சரி. ஆர்டர் பாரத்தை எடுத்து நீட்டினான்.

அம்பலவாணன் பேனாவைத் திறக்கவில்லை. டம்ளரைக் கையில் எடுத்தார். "செம்புத்தண்ணி ஈரலுக்கு நல்லது. நான் பாதி, நீ பாதி" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வாயருகே கொண்டுபோனார்.

சிவகணேஷ் பாய்ந்து தட்டிவிட்டான். வேட்டியெல்லாம் பழுப்பு.

"குடிக்காதீங்க அண்ணாச்சி! துரு! எங்க குச்சியில உள்ள இரும்பு. ஆத்துல அழுக்கும் இல்ல, செம்பும் இல்ல. கம்பெனி சொல்லிக்குடுத்த பொய்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. வேலை போனதும் அதே நொடியில்தான் உறைத்தது.

அம்பலவாணன் நனைந்த வேட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எழுதாத பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அழுக்கு இல்லைன்னீரு பாரும், அது நெசம். செம்பு இல்லைன்னதுதான்வே பொய்!"