சுவரில் இல்லாத கோடு

குவாரி ஜீப்புக்கு லைட் மாட்ட மூன்றாவது முறையாக வயர்மேன் பட்டறைக்கு வந்திருந்தான் டிரைவர். பம்பரில் இரண்டு, கூரை விளிம்பில் இரண்டு என்று நாலு எரிந்தும் அவனுக்குப் போதவில்லை. கண்ணில் புரை விழுந்துவிட்டது. மேஸ்திரிக்குத் தெரிந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வார். விடியுமுன் பதினாறு பேரை மலைமேல் ஏற்றிப்போகும் வேலை; ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கல் சுமக்கும் அவன் பெண்டாட்டியும் அந்தப் பதினாறில் ஒருத்தி.

"கூரைமேல நீளமா இன்னொண்ணு வச்சிடு மச்சான். மலையே வெளுக்கணும்."

வயர்மேன் அவன் பெண்டாட்டியின் அண்ணன். பல்லால் வயரை உரித்துத் துப்பினான்.

"மேல வச்சா புழுதியில பட்டு வெளிச்சம் உன் மூஞ்சிலயே அறையும் மாப்ளே. மஞ்சள் லைட்டு, முட்டி உயரத்துல போதும். பேட்டரி என்ன உன் மாமனாரா, கேட்டப்பல்லாம் குடுக்க?"

"என் மாமனார் என்னிக்குக் குடுத்தாரு?"

"எங்கப்பனை இழுக்காத!"

கடைசியில் வயர்மேன் சொன்னதே நடந்தது. கூரை லைட்டைக் கழற்றி, மஞ்சள் ஜோடியைக் கீழே பூட்டி, பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து ஃப்யூஸும் ரிலேயும் வைத்தான். பிறகு பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிப் பட்டறையை இருட்டாக்கினான். எதிர்ச் சுவரில் சாக்பீஸ் கோடு இருக்கும். வெளிச்சம் அதற்கு நாலு விரல் கீழே நிற்க வேண்டும். போன இரண்டு தடவையும் இப்படித்தான்.

டிரைவர் சீட்டில் ஏறி சுவிட்சைத் தட்டினான். மஞ்சளாக ஏதோ பரவியது.

"கோட்டுக்கு நாலு விரல் கீழ, கச்சிதமா இருக்கு. முறுக்கிடு."

ஸ்பானர் சத்தம் கேட்கவில்லை.

"மாப்ளே, சாக்பீஸை இப்பத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"போன தடவை போட்ட கோடு?"

"சுவத்துக்கு வெள்ளையடிச்சு ஒரு வாரமாச்சு."

டிரைவர் லைட்டை அணைத்தான். வயர்மேன் வந்து ஜீப் படியில் உட்கார்ந்தான்.

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாலயிருந்து."

"அவளுக்குத் தெரியுமா?"

"கேட்டதில்ல. ஆனா முன்சீட்டை யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேங்கறா. வளைவு வந்தா 'இடது'ம்பா, நானும் ஒடிச்சிடுவேன்."

வயர்மேன் டார்ச் அடித்து அவன் கண்ணைப் பார்த்தான். "புரைதானே. ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

"மாசக்கணக்கா வண்டி தொடாதேம்பாங்க. அதுக்குள்ள வேற ஆள் உக்காந்துடுவான்."

"உக்காரட்டுமே. எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி."

வயர்மேன் கெஞ்சினான். திட்டியிருந்தால்கூட டிரைவர் பதிலுக்குக் கத்தியிருப்பான். போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு வேற ஆளப் பாருங்க. எனக்குக் கண்ணு தெரியல."

அந்தப்பக்கம் கத்தியது படிவரைக்கும் கேட்டது. அடங்கும்வரை பொறுத்துவிட்டுச் சொன்னான்: "மூணாவது வளைவுல பள்ளத்துப் பக்கம் மண்ணு இளகியிருக்கு. வர்றவன்கிட்ட மறக்காம சொல்லுங்க."

இறங்கி, மச்சான் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டான்.

"நீ கோட்டைப் போட்டுட்டு சீட்டுல ஏறிப் பாத்துச் சொல்லு. போல்ட்டை நான் முறுக்கறேன், அதுக்குக் கண்ணு வேண்டாம்."